ரோஸிக்குப் பக்கவாத்தியம்

வத்சலாவுக்கு ஜெர்மன் பாஷையில் வசவுகள்தான் முதலில் புரிய ஆரம்பித்தன. எல்லாம் கீழ்வீட்டு ரோஸியின் உபயம். தபால் லேட்டா, வசவு. பால் திரிந்துவிட்டதா, அதற்கும் வசவு. வையாத நேரத்தில் கிடாரை எடுத்துக்கொள்வாள். மியூனிக்கில் இருந்த அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்களின் கிளப்புகளில் வருஷக்கணக்காக, கண்ட்ரி என்கிற அவர்கள் ஊர் கிராமியப் பாட்டைப் பாடியவள். இப்போது தானே ஜெர்மனில் எழுதவும் ஆரம்பித்திருந்தாள். ஓடிப்போன லாரி டிரைவர், ஜன்னல் வழியாக அவள் வீசியெறிந்த அவன் பூட்ஸ், எல்லாம் பாட்டில் வரும். 1973-ல் ஒரு பொம்பளை இப்படிப் பாடி ரிக்கார்டு போடப் போகிறாள் என்றால் சிரிக்காதவர் யார்?

அந்த ரோஸி ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாடிப்படி அதிர ஏறி வந்து கதவைத் தட்டினாள். தட்டினாள் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். வத்சலா ரசத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"மேலே பிடில் வாசிக்கறது நீதானே? எடுத்துண்டு கிளம்பு!"

மீதிப் பேச்சு வெள்ளத்தை வத்சலாவின் புருஷன் சேஷாத்ரிதான் தமிழாக்கினான். பக்கத்துக் கார்ஹிங் ஊரில் அணு ஆராய்ச்சி செய்கிறவனுக்கே மூச்சு வாங்கியது.

"பிடில்காரன் பாதியிலே கோவிச்சுண்டு போயிட்டானாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ரெக்கார்டிங் முடியலேன்னா கம்பெனி கைகழுவிடுமாம். இந்த ஒரு சான்ஸுக்கு எத்தனையோ வருஷம் அலைஞ்சிருக்கா, பாவம்."

"அவன் ஏன் போனான்?"

"ஒரு தடவை பாடினாப்பல மறு தடவை பாடமாட்டேங்கறாளாம்."

வத்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா? எங்க கும்பகோணத்துல பாடினதையே பாடினாத்தான் வித்வானைத் திட்டுவா!"

சிரித்தாளே ஒழிய, உள்ளுக்குள் உதறல். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ பேருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவள்தான். இந்த ஊருக்கு வந்தபின் வெறும் சுவருக்குத்தான் வாசிப்பு. பாடுகிறவர் பக்கத்தில் இல்லாமல் வாசித்து வாசித்து அலுத்துப் போயிருந்தது. தன்னால் அவள் காரியம் கெட்டுவிடக் கூடாதே, ஈஸ்வரா, என்று வேண்டிக்கொண்டேதான் வண்டியில் ஏறினாள்.

ஸ்டூடியோவில் செருப்பைக் கழற்றினாள், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், பிடிலின் தலையைக் குதிகாலில் ஊன்றிக்கொண்டாள். ரிக்கார்டு கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன இது, பூஜையா?"

"மைக்கை இறக்குய்யா!" என்றாள் ரோஸி.

வத்சலா சைகையால் அவளைப் பாடச் சொல்லி, அவள் குரலுக்குத் தந்திகளை இறக்கிச் சுருதி சேர்த்தாள். பாட்டு ஆரம்பித்தது. ரோஸி ஒரு வரியை இழுத்தால் வத்சலா இழுத்தாள். வெடுக்கென்று வெட்டினால் இவளும் வெட்டினாள். ரோஸி மூச்சு வாங்கும் இடைவெளியில், பாடியதைத் தன் கையால் ஒரு தடவை அழகு பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். நம் ஊரில் காலகாலமாகச் செய்கிற வேலைதான்.

கம்பெனிக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார். "அவள் ஏன் நீ பாடறதையே திருப்பி வாசிக்கறாள்? எழுதி வச்ச நோட்டைப் பார்த்து வாசிக்கச் சொல்லு."

"வாயை மூடும்! என் பாட்டை ஒருத்தி காது கொடுத்துக் கேக்கறது இதான் முதல் தடவை. ஓட்டும் டேப்பை!"

அப்புறம் என்ன, பாட்டுக்குப் பாட்டு மளமளவென்று முடிந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி. பட்டாள முகாமில் சலவை பண்ணியே தேய்ந்துபோன தன் அம்மாவைப் பற்றி ரோஸி எழுதிய பாட்டு. அடுத்த கோஷ்டி வாசலில் வந்து நின்றாகிவிட்டது. இன்னொரு முறை எடுக்க நேரமில்லை. இந்த ஒரு பாட்டு இல்லாவிட்டால் ரிக்கார்டும் இல்லை.

நாள் முழுக்கக் கத்திய தொண்டை, பாவம், மூன்றாவது வரியில் பட்டென்று கட்டிக்கொண்டது. வாய் திறந்தபடி இருக்கிறது, காற்றுதான் வருகிறது. ரோஸியின் முகம் வெளுத்துவிட்டது.

வத்சலாவின் கை யாரையும் கேட்கவில்லை. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் அந்த வரியைப் பக்கவாத்தியம்தான் எடுத்துக்கொண்டு போய்க் கரை சேர்க்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சரணம் முழுவதையும் ரோஸி பாடுகிற மாதிரியே, அவள் முரட்டு இழுப்போடேயே வாசித்தாள்.

நடுவில் ரோஸி மிச்சமிருந்த தொண்டையைத் திரட்டிக் கத்தினாள்: "வத்சலா!"

போச்சுடா, என்னவோ தப்பு பண்ணிட்டேன் என்று நினைத்தாள் வத்சலா. ஆனால் வில் நிற்கவில்லை. சரணம் முடிந்தது. ரோஸிக்குக் குரல் திரும்பியது. கடைசி வரிகளைக் கத்தாமல், மெதுவாக, அம்மா பக்கத்தில் இருப்பதுபோல் பாடி முடித்தாள்.

கம்பெனிக்காரர் டேப்பை நிறுத்தினார். "ரிக்கார்டு வரும். அந்தக் கூச்சலை மட்டும் வெட்டிடுவோம்" என்றார்.

"வெட்டினா உம்ம கையை வெட்டுவேன். கிளப்பிலே ஒருத்தர் பிரமாதமா வாசிச்சா அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடறதுதான் எங்க வழக்கம்."

குளிர் தொடங்கிய சமயம் ரிக்கார்டு வந்தது. ரோஸி தன் கிராமபோனையும் மாடிக்கே தூக்கிக்கொண்டு வந்து, கடைசிப் பாட்டைப் போட்டாள். குரல் கட்டிய இடம் வந்தது. பிடில் வந்தது. பிறகு அந்தக் கூப்பாடு.

வத்சலா புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

ரோஸி பதறிப்போனாள். "என்னடீ? நன்னா இல்லையா?"

தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையையும் சேர்த்துக் கட்டி வத்சலா சொன்னாள்: "இந்த ஊருக்கு வந்தப்புறம் என் பேரை இத்தனை சத்தமா யாருமே கூப்பிட்டதில்லை, ரோஸி. நீ நன்னா இருக்கணும்."

ரோஸி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஊசியைத் தூக்கி மறுபடியும் அந்த இடத்திலேயே வைத்தாள்.