தையல்காரரின் பக்க விளைவு

மனச்சோர்வு மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்ததிலிருந்து தையல்காரர் காலை எழுந்ததும் பாடத் தொடங்கிவிடுவார். சுருதி அவர் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. மூலையில் முடங்கிக் கிடந்த மனுஷன் எழுந்தாரே என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஆராய்ச்சி முடிந்த அன்று டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டு, பக்க விளைவு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"அவருக்கு ஒண்ணுமில்ல. என் காதுதான் போச்சு. மாத்திரைய நிறுத்தினா பாட்டும் நின்னுடும்ல?"

டாக்டரம்மா கணினியைப் பார்த்தார். "ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைதான் குடுத்தோம். இவருக்கும் அதுதாம்மா."

வெளியே வராந்தாவில் தையல்காரர் அடுத்த பாட்டை எடுத்தார்.

"அப்போ எனக்கும் அதுல ரெண்டு குடுங்க," என்றாள் மனைவி. "காதுக்கு."