ஏழு ஸ்டிக்கர்

வருகைப் பதிவு மெஷினின் வாயில் அவளுடைய அட்டை மறுபடியும் சிக்கிக்கொண்டது. பின்னால் நின்ற குட்டையக்கா எட்டிப் பார்த்தாள்.

"உன் கார்டு வருஷா வருஷம் தடிச்சுக்கிட்டே போகுது. நீதான் இளைச்சுக்கிட்டே போற."

"நீ மட்டும் எப்படிக்கா உள்ள தள்ற?"

"முழங்கையால ஒரு இடி."

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் ஆலை அது. வேலையில் இருவரும் ஜோடி. தேய்ப்பு உருளையிலிருந்து ஆவி பறக்க விரிப்பு வரும். இவளுக்கு இரண்டு முனை, அக்காவுக்கு இரண்டு முனை. உதறி, மடித்து, எதிரெதிரே நடந்து, மறுபடி மடிக்க வேண்டும். சூட்டில் விரல் ரேகைகள் தேய்ந்துபோய், கைரேகை மெஷின் யாரையும் அடையாளம் காணாததால்தான் இந்த அட்டை.

"இன்னைக்குத்தானே உன் புருஷன் விசாவுக்கு ஃபாரம் எழுதப் போற?"

"ரெண்டு மணிக்கு. அவரு போலீஸ் சர்டிபிகேட், மெடிக்கல் எல்லாம் ஊர்லேர்ந்து அனுப்பிட்டாரு. என் சம்பளச் சீட்டுதான் பாக்கி."

"மனுஷன் வந்ததும் முதல்ல துணி மடிக்கப் பழக்கு. இல்லன்னா வீட்லயும் நீதான்."

ஃபாரம் எழுதுபவர் அவளுடைய சம்பளச் சீட்டுகளைப் பிரித்து மேஜையில் தனித்தனியாக அடுக்கத் தொடங்கினார்.

"மாசவாரியா அடுக்கி வெச்சிருந்தேன் சார். ஏன் கலைக்கிறீங்க?"

"கம்பெனிவாரியா பிரிக்கிறேன்."

"ஒரே கம்பெனிதானே?"

அவர் ஒரு சீட்டைத் திருப்பி, மேல்வரியில் விரலை வைத்தார். இத்தனை வருடமும் அவள் கீழே இருக்கும் தொகையை மட்டும்தான் பார்த்திருந்தாள். அடுத்த கட்டில் வேறு பெயர். அதற்கடுத்ததில் இன்னொன்று. மேஜையில் ஏழு கட்டுகள் இருந்தன.

"ஏழு கம்பெனி. பத்து மாசம் முடிஞ்சா நின்னுட்டு அடுத்ததுல சேர்ந்திருக்கீங்க."

"நான் எங்கயும் போகலையே சார்! அதே உருளை, அதே லாக்கர், அதே சூப்பர்வைசர்."

"காகிதம் அப்படிச் சொல்லலைம்மா. புருஷனைக் கூப்பிடணும்னா ஒரே கம்பெனியில தொடர்ந்து பன்னிரண்டு மாசம் இருந்திருக்கணும். இப்ப ஒன்பதுதான் ஆகுது. மூணு மாசம் பொறுங்க, அவரோட மெடிக்கல் அதுவரைக்கும் செல்லும். இந்தத் தடவை பேரு மாறாம பாத்துக்குங்க."

"அது என் கையிலயா சார் இருக்கு?"

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. விடுமுறைச் சம்பளத்துக்கு என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அன்றே அட்டையில் பழையதன் மேலேயே புது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வரிசையில் நின்று எல்லோரும் போட்ட கையெழுத்துதான்.

போனில் கணவன் சிரித்தான். "கல்யாணமாகி மூணு வருஷம் இப்படியே இருந்தாச்சு, மூணு மாசம் என்ன? நீ சாப்டியா?"

"சாப்டேங்க." பத்து மாதக் கணக்கை அவள் சொல்லவில்லை.

அடுத்த மாதக் கடைசியில், ஷிப்ட் தொடங்கும் முன், சூப்பர்வைசர் தாள்களோடும் ஸ்டிக்கர் சுருளோடும் மெஷின் பக்கத்தில் நின்றார். அவள் முறை வந்தது. பேனாவைத் தொடவில்லை.

"சார், இன்னும் ரெண்டே மாசம். பழைய கம்பெனியிலேயே இருந்துக்கறேன்."

"அது நேத்தோட முடிஞ்சு போச்சு. கையெழுத்துப் போடலைன்னா வேலை வேண்டாம்னு அர்த்தம்."

"அவரைக் கூப்பிடறதுக்கு..."

"அட, எல்லாம் ஒரே கம்பெனிதானம்மா. பேருல என்ன இருக்கு?"

குட்டையக்கா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

சூப்பர்வைசர் புது ஸ்டிக்கரை ஒட்டி அட்டையை மெஷினில் திணித்தார். போகவில்லை. பிளேடால் ஓரத்தை நெம்பி இழுத்தார். எட்டு ஸ்டிக்கரும் ஒரே பட்டையாக உரிந்து வந்து குப்பைக் கூடையில் விழுந்தன. சுருளிலிருந்து இன்னொன்றைக் கிழித்து ஒட்டி, கட்டைவிரலால் நீவினார்.

"இப்பப் போடு."

அட்டை தடங்கலில்லாமல் உள்ளே போனது. மெஷின் கூவியது. பச்சை எழுத்தில் அவள் எண் வந்தது, நாற்பத்தேழு. அதன் கீழே: பணி நாள் 1.