உப்பிப்போன தலைமையாசிரியை

பொம்மைக்காரி வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாவு விஷயத்தில் இரண்டு கட்சி. அவள் புருஷன் பேக்கரிக்காரர். அவருக்கு மாவு உயிரோடு இருக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், பொங்கி எழ வேண்டும். இவளுக்கோ மாவு செத்துக் கிடக்க வேண்டும். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர். பிசைந்து பொம்மை பிடித்து, ஓவனில் இளஞ்சூட்டில் மூன்று மணி நேரம் காயவிட்டால் கல்லாகிவிடும். அதைப் பார்த்தாலே பேக்கரிக்காரர், "நல்ல மாவைக் கொலை பண்றே" என்பார்.

அன்றைக்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வீட்டிலேயே பிசைந்த மாவில் ஒரு மனித உருவம் செய்து மூன்று மணிக்குக் கொண்டுவர வேண்டும். ஏழு வருஷமாகத் தெருப் பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்து ஓசியில் சொல்லிக்கொடுத்து, 'சும்மாதானே இருக்கா' என்று பேர் வாங்கியவள் அவள். அந்தப் பேரைக் கழற்றி எறிய இதை விட்டால் வேறு வழியில்லை.

யோசனை சொன்னது நாத்தனார். "யாரோ ஒரு ஆளை எதுக்கு அண்ணி செய்யறீங்க? அந்தத் தலைமையாசிரியையையே செஞ்சிடுங்க. கொஞ்சம் ஒல்லியா."

அந்த அம்மாள் ஒல்லியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் காக்கா பிடிப்பதென்று முடிவான பிறகு கூச்சம் எதற்கு? பள்ளிக்கூட மலரில் வந்த போட்டோவை எதிரே சாய்த்துவைத்துக்கொண்டு, கொடி மாதிரி இடுப்பும் நீளக் கழுத்துமாக ஒரு தலைமையாசிரியையைச் செய்து ஓவனுக்குள் நிறுத்தினாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முந்தின நாளே பேக்கரிக்காரர் மாவு டப்பாவைக் காலி செய்து வேறு மாவு கொட்டியிருந்தார். பெண்டாட்டிக்கு இவ்வளவு பெரிய நாள், அதற்குப்போய் மளிகைக் கடை மலிவு மாவா என்று மனசு கேட்கவில்லை. கடையில் கேக்குக்கென்று வைத்திருந்த முதல் தர மாவு, பேக்கிங் பவுடர் கலந்தே வருவது. அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பொங்காத மாவை அவர் மாவு என்றே ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டு மணிக்கு ஓவனைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு இருந்த இடம் தெரியவில்லை. கன்னங்கள் உப்பி, கழுத்து காணாமல் போய், கை இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அடடா, எவ்வளவு அழகா எழும்பியிருக்கு. நேத்து டப்பால நான் கொட்டின கேக் மாவாச்சே."

கையில் கிடைத்தது மரக்கரண்டியாக இருந்ததால் மனிதர் தப்பித்தார்.

இன்னொன்று செய்து காயவைக்க நேரமில்லை. போனால் மானம் போகும், போகாவிட்டால் வேலை போகும். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் வந்திருந்தார்கள். மேஜைமேல் இரண்டு பொம்மைகள், இரண்டுமே தலைமையாசிரியை, இரண்டுமே ஊசி மாதிரி ஒல்லி. காக்கா பிடிக்கத் தெரிந்தவள் தான் மட்டும்தான் என்று பொம்மைக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?" என்று முதல் பொம்மையைக் காட்டிக் கேட்டார் தலைமையாசிரியை.

"நீங்கதான் மேடம்."

"எந்த வருஷம்?"

பொம்மைக்காரி துணியைப் பிரித்து வைத்த மூன்றாவது பொம்மை யாரென்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடக் குமாஸ்தா இருமுவதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னை இப்படியே செய்யறதுக்கு ரொம்பத் தைரியம் வேணும்" என்றார் தலைமையாசிரியை.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பொம்மைக்காரி ஆட்டத்தான் போனாள். ஆனால் பொம்மையின் அந்தக் குண்டு முகம் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. "தைரியமெல்லாம் இல்ல மேடம். நானும் ஒல்லியாத்தான் பண்ணேன். எங்க வீட்டுக்காரர் மாவை மாத்திட்டார், உள்ள போனதும் உப்பிடுச்சு."

தலைமையாசிரியை மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, கைவேலை அறையிலிருந்து மைதாவும் உப்பும் எடுத்துவரச் சொன்னார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப என்னைப் பார்த்துப் பண்ணுங்க."

பொம்மைக்காரி பிசைந்தாள். பழக்கதோஷத்தில் விரல் இடுப்பைக் கிள்ளப் போனது. அந்த அம்மாள் தொண்டையைச் செருமினார். விரல் நின்றது. அப்போதுதான் நிஜமாகவே நிமிர்ந்து பார்த்தாள்: கண்ணாடி அழுத்திய மூக்குத் தழும்பு, நாள் முழுக்கக் கத்திச் சோர்ந்த வாய், நன்றாக அகன்ற தோள்கள். பார்த்ததைப் பார்த்தபடி வைத்துக்கொண்டே வந்தாள். பயம்கூட மறந்துபோயிற்று. கடைசியாக முகத்துக்குக் கீழே ஒரு மோவாயை உருட்டி ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

தலைமையாசிரியை பொம்மையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, அவளிடமே நீட்டினார்.

"எனக்கு ரெண்டு மோவாய். இன்னொண்ணையும் வைங்க. திங்கட்கிழமை வகுப்புல இப்படி ஒண்ணை விட்டீங்கன்னா, பிள்ளைங்க உங்களைச் சும்மா விடமாட்டாங்க."