மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு

குரல்வளையை எடுத்துவிட்டால் காதும் போய்விடும் என்று தூத்துக்குடியில் எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை. மில்லர்புரத்து வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் வன்னியபெருமாளின் முகத்துக்கு நேரே குனிந்து, தெருவே கேட்கும்படி, "நல்லா இருக்கியளா அண்ணாச்சி?" என்று கத்தினார்கள். கத்தி முடித்ததும் அவர் மனைவி பிரேமாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "டாக்டரு எம்புட்டு நாளு தாங்கும்னு சொல்லுதாரு?" என்று கேட்டார்கள். அதுவும் அவர் காதில் சுத்தமாக விழுந்தது.

சுடலைமாடத்தி சித்தி ஒருபடி மேலே போனாள். "வாயத் தொறந்தா ஏச்சு, மூடுனா ஏச்சு. அதான் தொண்டையில புத்து வச்சிட்டு," என்று நோய்க்கான காரணத்தையே கண்டுபிடித்துச் சொன்னாள். மதுரையில் இரண்டு பெரிய டாக்டர்கள் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தும் சொல்லாததை, சித்தி அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். பழைய வன்னியபெருமாளாக இருந்தால் அந்த டம்ளர் காலியாகும் முன்பே அவளை வாசலுக்கு அனுப்பியிருப்பார். இப்போது முறைக்கத்தான் முடிந்தது. முறைப்பதை யார் மதிக்கிறார்கள்?

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் அவருக்குக் கயிற்றுக்கடை. நைலான் கயிறு, மிதவை, நங்கூரம், வலை எல்லாம் இருக்கும். அங்கே கயிறு வாங்கியவன் கூடவே நாலு ஏச்சும் வாங்கிக்கொண்டுதான் போனான். அவரும் ஆள் பார்த்து ஏசியதில்லை, போட்டுக்காரரோ கூலிக்காரனோ எல்லோருக்கும் ஒரே அளவுதான். அப்படிப்பட்ட வாயை ஆபரேஷன் தியேட்டரில் ஒரே காலைப்பொழுதில் அடைத்துவிட்டார்கள்.

உயிரோடு இருக்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான், அதை அவர் மறைக்கவில்லை. மூச்சுக்குழாயைத் திருப்பிக் கழுத்தின் முன்பக்கம் வைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. இனி மூச்சு வருவதும் போவதும் அதன் வழியாகத்தான், மூக்குக்கும் நுரையீரலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். மூக்கு இனிமேல் கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும்தான். மீன் வாடையும் தெரியாது, மல்லிகைப்பூ வாடையும் தெரியாது. தினமும் காலையில் பிரேமா அந்த ஓட்டையைத் துடைத்துச் சுத்தம் செய்து, தூசி போகாமல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டிவிடுவாள். அவள் ஒருநாளும் அருவருத்ததில்லை.

டாக்டர் படம் போட்டுக் காட்டியபோது உடன் இருந்திருக்க வேண்டிய ஆள் ஒருவன் உண்டு. பிரேமாவின் தம்பி செந்தூர்வேல். அவன் அப்போது வராந்தாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். போனில் பேசுவதும் பெரிய மனுஷனாக நடமாடுவதும்தான் அவனுடைய தொழில். இடையில் லாரி புரோக்கர் என்று சொல்லிக்கொள்வான்.

இந்தப் பயல்தான் இப்போது வன்னியபெருமாளின் வாய். அவரே அமர்த்தவில்லை, தானாக வந்து அமர்ந்துகொண்டான். அவர் சித்தியைப் பார்த்து முறைத்தால், "அத்தான் சாப்பிட்டுப் போகச் சொல்லுதாரு," என்பான். கையை வீசி வாசலைக் காட்டினால், "காத்தாட அங்கன உக்காருங்கங்குதாரு," என்பான். எழுதி அழிக்கிற பலகை ஒன்று அவர் மடியிலேயே கிடந்தது. ஆனால் அவர் குனிந்து முதல் வார்த்தையை எழுதுவதற்குள் செந்தூர்வேல் மூன்று வார்த்தை சொல்லி முடித்திருப்பான்.

ஒருநாள் பங்காளி பாண்டியராஜன் வந்து, "இனிமே கடைய யாரு பாக்கது?" என்று கேட்டான். வன்னியபெருமாள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான்தான், வேறு யார்? இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்?

செந்தூர்வேல் கண் கலங்கினான். "பாத்தியளா, மனசார எங்கிட்ட ஒப்படைக்காரு," என்றான்.

மறுநாளே கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று வன்னியபெருமாளுக்கு வந்த ஆத்திரத்தில் கழுத்து ஓட்டை விசில் அடித்தது. எப்படியாவது தன் வாயாலேயே பேசியாக வேண்டும், இவன் வாயை அடைக்க வேண்டும், அது இல்லாமல் இந்த உயிர் பிழைத்து என்ன பயன் என்று அவருக்குப் பட்டது.

பேச வழி இருந்தது. ஆஸ்பத்திரியில் இன்பமணி என்று ஒரு பெண், பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். காற்றை வாயால் விழுங்கி, உணவுக்குழாயிலிருந்து ஏப்பமாக மேலே தள்ளி, அதையே வார்த்தையாக்க வேண்டும். ப, த, க என்று தொடங்கும் சொற்கள் லேசாக வரும் என்றாள். "அம்மா பேரு பிரேமாவா? ப-வுலதான ஆரம்பிக்குது. அதையே மொதல்ல பழகுங்க சார்," என்றாள்.

பிரேமா தரையைப் பார்த்துச் சிரித்தாள். வன்னியபெருமாள் முகத்தைச் சுளித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் 'ஏளா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். தலை நரைத்தபிறகு பெண்டாட்டி பேரை ஏப்பம் விட்டுக் கூப்பிட வேண்டுமாக்கும். அவருக்கு வேறொரு சொல் தயாராக இருந்தது. அதுவும் ப-வில்தான் தொடங்கியது. மத்தியானங்களில் கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில், கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில் ஒற்றையாக உட்கார்ந்து காற்றை விழுங்கி விழுங்கி அந்தச் சொல்லைப் பழகினார். முதலில் வெறும் ஏப்பம் வந்தது. பிறகு "போ" வந்தது. கடைசியில் அது முழுசாக, "போலே" என்று வந்தது. கூடவே இரண்டொரு சின்னச் சொற்களும் பிடிபட்டன. யாரிடமும் அவர் சொல்லவில்லை. நாலு பேர் கூடியிருக்கும்போது செந்தூர்வேலின் முகத்தில் அதை எறிய வேண்டும் என்று காத்திருந்தார்.

செந்தூர்வேல் அதற்குள் திருச்செந்தூருக்கு வேன் பிடித்துவிட்டான். ஆபரேஷன் நடந்த அன்றே அத்தான் பிழைத்தால் கடலில் மூன்று முங்கு போட வைக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டானாம். வேண்டுதல் இவனுடையது, முங்கவேண்டிய தலை மட்டும் இன்னொருவருடையது.

வன்னியபெருமாள் பலகையில் எழுதினார். 'கழுத்துல தண்ணி போனா செத்துருவேன்.' செந்தூர்வேல் அதை வாங்கி எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, "அத்தான் பயப்படுதாரு, பாவம்," என்றான். பிரேமா குறுக்கிட்டு, "டாக்டரு வேண்டாம்னுதான்லே சொன்னாரு," என்றாள். "டாக்டருக்கு முருகனத் தெரியுமாக்கா?" என்று அவளையும் அடக்கினான். கடைசியில் முட்டளவு தண்ணீரில் நின்று தலையில் தெளித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பிரேமாவின் முகத்துக்காக வன்னியபெருமாள் ஒப்புக்கொண்டார்.

கோயில் கடற்கரையில் அன்று நல்ல கூட்டம். செந்தூர்வேல் அவருடைய கண்ணாடியைக் கழற்றினான். நனைந்துவிடும் என்று பலகையையும் பிடுங்கி, கரையில் நின்ற சித்தியிடம் கொடுத்தான். ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் பாண்டியராஜனுமாகக் கையைப் பிடித்து இறக்கினார்கள். பிரேமா பின்னால் வந்தாள். முட்டளவு வந்ததும் அவர் நின்றார்.

"இன்னும் ரெண்டு எட்டு வாங்க அத்தான்," என்று செந்தூர்வேல் இழுத்தான். அந்த இரண்டு எட்டு இடுப்பளவில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு அலை வந்து மோதியதில் கழுத்துத் துணி நனைந்தது. அவர் இருமினார். இருமல் கழுத்திலிருந்து வந்ததைப் பார்த்துப் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் விலகிப் போனார்கள். செந்தூர்வேல் மட்டும் பார்க்கவில்லை. அவர் பிழைத்து வந்த நாளிலிருந்து அவன் அந்த ஓட்டையை ஒருதடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை, பார்த்தால் குமட்டும் என்பான்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது. நான் மூக்கப் பிடிச்சிக்கிடுதேன்," என்று சொல்லி அவர் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தான். மற்ற கையைப் பிடரியில் வைத்து அழுத்தினான்.

வன்னியபெருமாள் பயந்தார். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அவர் இப்படிப் பயப்படவில்லை. புற்றுநோய்க்குத் தப்பி வந்து இந்த மூளைகெட்ட பயல் கையிலா சாகவேண்டும்? சாகிற நேரத்தில்கூட என் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பானே. கையை உதறப் பார்த்தார், பாண்டியராஜன் விடவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. பதறினால் சத்தம் வராது என்று இன்பமணி சொன்னது நினைவுக்கு வந்தது. தொண்டையைத் தளர்த்தினார். வாயைத் திறந்து காற்றை விழுங்கினார்.

"போலே."

கட்டையாக, கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து வந்தது. பாண்டியராஜன் பிடியை விட்டுவிட்டான். செந்தூர்வேல் ஒரு கணம் திகைத்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"அத்தானுக்குப் பேச்சு வந்துட்டு," என்று கரையைப் பார்த்துக் கத்தினான். "கால நனச்சதுக்கே இவ்வளவு. முங்குனா முழுசும் வந்துரும்." மறுபடியும் பிடரியை அழுத்தினான்.

அவர் மறுபடியும் விழுங்கினார். "போலே."

பிரேமா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். தம்பியை ஒருநாளும் அதட்டிப் பேசியறியாதவள். "போலேங்குதாரு. ஒனக்குக் காது கேக்கலியா?" என்றாள். மூக்கிலிருந்த அவன் கையைப் பிடுங்கி, நனைந்த துணியை விலக்கி, கழுத்து ஓட்டைக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தாள். "மூச்சு எங்கன வருதுன்னு பாரு. இம்புட்டு நேரமா மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கியே, அவருக்கு மூச்சு முட்டுச்சா?"

சூடான மூச்சு உள்ளங்கையில் பட்டதும் செந்தூர்வேல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். முதல்முறையாக அந்த ஓட்டையைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். அது ஓட்டைக்கு நாலு விரல் கீழேதான் இருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. கரைப்பக்கம் திரும்பி, "அத்தான் வேண்டாங்குதாரு," என்று மெதுவாகச் சொன்னான். ஆபரேஷன் நடந்த பிறகு அவன் ஒழுங்காக எடுத்துச் சொன்னது அது ஒன்றுதான்.

பிரேமா ஒரு கை தண்ணீர் அள்ளிக் கணவர் தலையில் தெளித்து, தன் முந்தானையால் அவர் கழுத்தைச் சுற்றித் துடைத்து, கரைக்குக் கூட்டி வந்தாள்.

திரும்பும்போது வேனில் செந்தூர்வேல் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். வன்னியபெருமாளுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. நாளைக்குக் காலையில் கடைக்குப் போய், கல்லாவில் இருக்கிறவனிடம் அதே சொல்லை இன்னொருதரம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறுமுகநேரி உப்பளம் தாண்டியதும் பிரேமா அவர் காதோரமாக, "எனக்குத் தெரியாமலே நல்லாப் பழகியிருக்கியளே," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கொடுக்க வேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது. இவள் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் உடம்பைத்தான் வேனில் ஏற்றியிருப்பார்கள். வாயைத் திறந்து காற்றை விழுங்கினார்.

"பிரே" என்று தொடங்கியது "பே" என்றுதான் வந்தது. அதற்குமேல் நாக்கு தடுமாறியது. கிட்டங்கியில் அந்தப் பெயரை அவர் ஒருநாள்கூடப் பழகவில்லை. விழுங்கிய காற்று தீர்ந்துவிடப் போகிறதே என்ற அவசரத்தில் நாக்கு தனக்குத் தெரிந்த பழைய தடத்திலேயே ஓடிவிட்டது.

"பேசாம வா."

கரகரப்பு இருந்தாலும் ஒரு எழுத்துப் பிசகவில்லை. வேனில் எல்லோருக்கும் கேட்டது. எடுத்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

"நல்லாத் தெளிவா இருக்கு," என்றாள் பிரேமா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அவசரமாக இன்னொரு தடவை காற்றை விழுங்கினார். அவள் திரும்பவில்லை.