எங்கள் குழுவில் நான்கு பேர்

இணையதளம் போடுவது என்ன பெரிய வித்தையா, ஒரு நாள் வேலை என்று நான்தான் வாயை விட்டேன். வாயை விட்டவள்தானே உட்கார்ந்து செய்ய வேண்டும்?

என் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். சர்வீஸ் சென்டரில் வருடக்கணக்கில் மாடாக உழைத்துவிட்டு, மேனேஜரோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டவர். "உன்னை மாதிரி ஆள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பாங்க" என்று அந்த மனுஷன் சொன்னது இவர் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கே போய் ரிப்பேர் செய்யும் சொந்தத் தொழில் என்று கிளம்பினார். போன்தான் அடிக்கவில்லை.

"இந்த மாசமும் யாரும் கூப்பிடலைன்னா அவர்கிட்டயே போய் நிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, ஏற்கனவே வகை பிரித்து வைத்த ஸ்க்ரூக்களை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் முன்னால் இவர் கைகட்டி நிற்பதா? நடக்காது. அதனால்தான் இணையதளம்.

இலவச டெம்ப்ளேட் ஒன்றை எடுத்தேன். தொழிலின் பெயர், போன் நம்பர், என்னென்ன ரிப்பேர் என்பதெல்லாம் சமர்த்தாக உட்கார்ந்தன. கீழே 'எங்கள் குழு' என்று நான்கு வட்டங்கள். நான்கிலும் யாரோ கோட்டு போட்டவர்கள். மூன்றை அழித்தேன், போன் நம்பர் காணாமல் போனது. திரும்ப வைத்தேன்; நம்பரும் வந்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன், அது மசியவில்லை.

"ஒரே ஆளுக்கு எதுக்கு நாலு வட்டம்?" என்றார் இவர்.

"நாலு வட்டத்துக்கும் ஒரே ஆள் போதும். போய் சட்டையை மாத்திட்டு வாங்க."

முறைத்தார். ஆனாலும் மாற்றிக்கொண்டு வந்தார். சமையலறைச் சுவரோரம் நிறுத்தி, தொப்பியோடு ஒன்று எடுத்தேன்: தலைமை மெக்கானிக். என் மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒன்று: மோட்டார் நிபுணர். கண்மையால் மீசை வரைந்து ஒன்று: வாடிக்கையாளர் சேவை. மூன்றிலும் மனுஷர் விறைத்துக்கொண்டு நின்றார். மீசையைத் துடைத்துவிட்டு வந்து படங்களைப் பார்த்தாரோ இல்லையோ, விழுந்து விழுந்து சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. சட்டென்று அதையும் எடுத்துவிட்டேன். பதவி எதுவும் மிச்சமில்லாததால் 'உதவியாளர்' என்று போட்டேன்.

மறுநாளே போன் அடித்தது.

"மெஷினைப் போட்டா அதுபாட்டுக்கு நடந்து ஹாலுக்கு வந்துடுதுங்க" என்றார் ஓர் அம்மா. "ஆனா அந்த மீசைக்காரரை அனுப்பாதீங்க, பார்த்தாலே பயமா இருக்கு. சிரிக்கிறாரே, அவரை அனுப்புங்க."

"அவர் வெறும் உதவியாளர்தாங்க" என்றேன், வேண்டுமென்றே.

"இருக்கட்டும்ங்க. அவரே வரட்டும்."

"இத்தனை வருஷ அனுபவத்துக்கு நான் உதவியாளனா?" என்று முனகிக்கொண்டே பையைத் தூக்கினார். போனவர் பக்கத்து வீட்டு மெஷினையும் சரிசெய்துவிட்டுத்தான் திரும்பினார். அதன்பின் கூப்பிட்ட எல்லாருக்கும் சிரிக்கிறவர்தான் வேண்டும். தலைமை மெக்கானிக்கை ஈ காக்கைகூடச் சீண்டவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கனத்த குரலில் ஒரு போன். சர்வீஸ் சென்டர் மேனேஜராம். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். இவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"உங்ககிட்ட மோட்டார் நிபுணர்னு ஒருத்தர் இருக்காரே, கண்ணாடி போட்டவர். விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு முகத்துலயே தெரியுது. எங்க ஆள் ஒருத்தன் போனதுலேர்ந்து இங்க வேலையெல்லாம் தேங்கிக் கிடக்கு. அவரை எங்ககிட்ட அனுப்ப முடியுமா?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தினமும் பார்த்த முகம், ஒரு கண்ணாடியை மாட்டியதும் அடையாளம் தெரியவில்லையாம்! நான்காவது வட்டத்தில் இவருக்கு வேஷமே இல்லை. ஆனால் அந்த ஆள் இவர் சிரித்துப் பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்?

இவர் நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்தார். மேசையில் கிடந்த என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனை வாங்கினார்.

"மோட்டார் நிபுணர்தான் பேசுறேன் சார். உங்ககிட்ட வேலை பார்த்தவன்தான். என்னை மாதிரி தெருவுக்கு நாலு பேர் கிடைப்பாங்கன்னு சொன்னீங்களே, சரியாத்தான் சொன்னீங்க. நாலு பேரும் இப்போ எங்க வீட்டுலதான் இருக்கோம். ஒருத்தரும் வர்றதா இல்லை."

இவர் போனை வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"உதவியாளருக்கு இன்னும் பசி அடங்கலை. கொஞ்சம் போடு."