கூர்வேல் பால்குடி மறந்தது

எங்கள் கடற்படையில் போர்க்கப்பல்கள் மூன்று வயதுக்குள் பால்குடி மறந்துவிட வேண்டும். அதுவரை நடுக்கடலில் எண்ணெய்க்கப்பலோடு ஒட்டிக்கொண்டு குடிக்கலாம். அப்புறம் துறைமுகக் குழாய்தான். உலகப்போர் முடிந்து, புதுக்கப்பல்கள் வரிசையாகப் பிறந்துகொண்டிருந்த ஐம்பதுகளில் போட்ட விதி.

பொய்கை என்ற எண்ணெய்க்கப்பலிடம் ஒன்பது கப்பல்கள் குடித்து வளர்ந்தன. எட்டு மறந்துவிட்டன. கடைக்குட்டி கூர்வேல் மட்டும் பதினொரு வயதாகியும் மறக்கவில்லை. ஆறு பீரங்கியை வைத்துக்கொண்டு இப்படியா என்று அதன் கேப்டன் வேதமுத்துவுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"சவரிராயன், நீதான்யா செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்றார் என்னிடம். பொய்கையில் குழாய் நீட்டுகிறவன் நான்.

"அது கேக்குது, இவ குடுக்குறா. நடுவுல நான் யாரு சார்?"

உள்ளதைச் சொல்கிறேன். பொய்கைக்கு வயதாகிவிட்டது. கடைசிப் பிள்ளை மறந்ததும் அவளை உடைக்க அனுப்பிவிடுவார்கள். பதினாறு வருடம் அவள்மேலேயே கிடந்தவன், எனக்கு மனசு வருமா? கூர்வேலுக்கு உடம்பு சரியில்லை, இப்போது வேண்டாம் என்று எதையாவது எழுதித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தமுறை வேதமுத்து விடவில்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வாங்கிவந்தார். நாற்பது கிலோ வேப்பிலை அரைத்து, குழாயின் வாயில் என் கையாலேயே பூசினேன். கூர்வேல் ஒரு வாய் குடித்தது. உடனே பின்வாங்கி, ஒரு மணி நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பித் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை பொய்கையை உடைக்கிற இடத்துக்கு இழுத்துப்போனார்கள். நானும் கூடவே போனேன். எண்ணெய் இருக்கிற கப்பல்மேல் அங்கே கை வைக்க மாட்டார்கள். பொய்கையின் தொட்டிகளோ நிரம்பி வழிந்தன.

"பால் நிறுத்துன புதுசுல கட்டிக்கத்தான் செய்யும்" என்றார் மேஸ்திரி குருவலிங்கம். "மல்லிகைப்பூ வச்சுக் கட்டுங்க, வத்திடும்."

மதுரையிலிருந்து ரயிலில் பூ வந்தது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை இறுக்கிக் கட்டினோம். நான்காம் நாள் தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. மேஸ்திரி வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டார். நான் அவள்மேல் கை வைத்தபடி நின்றேன், பாவி.

அப்போது தூரத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்த கூர்வேல் பசியில் ஒருமுறை சங்கு ஊதியது. பொய்கைக்கு அந்த நிமிஷமே சுரந்துவிட்டது. கட்டியிருந்த பூவெல்லாம் எண்ணெயில் நனைந்தது.

மேஸ்திரி ஆட்களைத் திருப்பி அனுப்பினார். "பிள்ளை சத்தம் காதுல விழுந்தா வத்தாது. இவ காதுல பஞ்சு வைக்கணும்" என்றார்.

பஞ்சு கேட்டு அலுவலகத்துக்கு எழுதினோம். ஒரு லாரி பஞ்சு வந்தது. பொய்கையின் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்து வைக்கும்படி எனக்கு உத்தரவும் வந்தது. காது இருக்கிற இடம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கூர்வேல் எந்தப் பக்கம் போனது என்று அவளுக்குச் சொல்கிறேன். பிறகு, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அலுவலகத்துக்குப் பதில் எழுதுகிறேன். இது ஏழாவது வருடம்.