டிரம்பெட்டுக்கு மேலே சாக்ஸபோன்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சாக்ஸபோன் கலைஞரும் இசைக்கோப்பாளருமான தெல்மா கிட்டன்ஸுக்கு மான்ட்ரியாலில் பாராட்டு விழா நடந்தது. அவர் குழுவில் இருபது வருஷம் பியானோ வாசித்த என்னை விட்டுவிட்டு, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வேறு யாரோ எழுதினார்கள். தேதியெல்லாம் சரி. தெல்மாதான் அதில் இல்லை.

நான் எழுதிய முதல் தொடக்கம்: "ரயில் போர்ட்டரின் மகளாகப் பிறந்த தெல்மா, சிறுவயதிலேயே..." வேண்டாம். எல்லாரும் யாருக்காவது பிறக்கத்தான் செய்கிறார்கள்.

2

இப்படித் தொடங்கலாம். ஒரு பிப்ரவரியில் டிரம்பெட்காரர் க்ளைட் நடைபாதைப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து முன்பற்களை உடைத்துக்கொண்டார். பொய்ப்பல் வந்தது, மேல் ஸ்தாயி வரவில்லை. வேறு ஆளைப் பார்க்கலாம் என்றது குழு. தெல்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டுகளையெல்லாம் மாற்றி எழுதினார்: உச்சியில் தன் சாக்ஸபோன், வழக்கமாக உச்சியில் ஒலிக்கும் க்ளைடின் டிரம்பெட் அதற்கடியில். "புது பாணி க்ளைட், நீங்க கீழயே ஊதுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

(ஒரு குறையை மறைக்க எழுதியது என்று கேட்பவர் யாரும் சொல்லமாட்டார்கள். வான்கூவர் முதல் ஹாலிஃபாக்ஸ் வரை அந்தப் பாணியைக் காப்பியடிக்காத குழு இல்லை. இதை எழுதும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை.)

ஒருநாள் கேட்டேன். "இவ்ளோ பேர் வாங்கியும் ஏன்க்கா நியூயார்க் போகல?"

"அங்க போய் யாருக்குடா எழுதறது? எல்லாருக்கும் பல்லு இருக்கே."

3

கடைசிக் காட்சி என் கற்பனை. விழா மேடையில் பேட்டி எடுக்கும் பெண் கேட்கிறாள்: "டிரம்பெட்டைக் கீழ வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

முதல் வரிசையில் க்ளைட்.

முடிவு ஒன்று: "சும்மா தோணுச்சும்மா." கைதட்டல். (என் தெல்மா இப்படிப் புளுகுவாரா? சந்தேகம்தான்.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். க்ளைட் தொப்பியை எடுத்துக்கொண்டு... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

4

வழி தெரியாவிட்டால் பாத்திரத்தையே கேட்டுவிடுவது நல்லது. க்ளைட் வீட்டுக்குப் போனேன். உப்புமீன் உருண்டை பொரித்துக்கொண்டே, நான் அதுவரை எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அவ என் பல்லுக்காகத்தான் மாத்தினான்னு எனக்குத் தெரியாதுன்னா எழுதியிருக்க?"

"தெரியுமாண்ணே?"

"ஊதறவன் நான்டா. முதல் நாளே தெரியும். அத்தனை வருஷமும் தெரியாத மாதிரியே ஊதினேனே, அதுக்கு எவனாவது விழா எடுத்தானா?" உருண்டைகளைத் திருப்பிப் போட்டார். "தெல்மாகிட்ட மூச்சு விடாத. எனக்குத் தெரியாமலே என்னைக் காப்பாத்திட்டோம்னு அவ பெருமைப்பட்டுக்கட்டும்."

5

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. மைக் இன்னும் தெல்மாவின் வாயருகேதான் இருக்கிறது. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அதைக் கேட்ட பிறகும் இருவரும் தலைநிமிர்ந்து ஒரே காரில் வீடு போக வேண்டும். எனக்கு அது வரவில்லை. அப்படி எழுதத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். அவரோ பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.